பதினோரு கூடும் ஒரு கூறைப்புடவையும்

என் மாமனாருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதையாவது ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் அதை மறக்கவே மாட்டார். மற்றவர்கள் மறந்துவிட்டு நிம்மதியாக ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். அவர் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பம்பாயில் கோட்டைப் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவருக்கு வேலை. யுத்தம் தொடங்கின புதிதில் மைசூர்ப் பக்கம் ஒரு பட்டு ஆலையில் தீப்பிடித்துவிட்டது என்று, சேதத்தைப் பார்த்து எழுதிவர அவரை அனுப்பினார்கள். போனார், எரிந்த கொட்டகையைப் பார்த்தார், எழுதினார். அத்தோடு பேசாமல் ரயில் ஏறியிருக்கலாமோ இல்லையோ? பக்கத்துக் கொட்டகையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறார். அண்டா அண்டாவாக வெந்நீர். அதில் பட்டுக்கூடுகளைக் கூடை கூடையாகக் கொட்டுகிறார்கள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் உயிரோடு ஒரு பூச்சி. மாட்டுங்காவுக்குத் திரும்பி வந்த மனுஷர் ஸ்நானம் பண்ணிவிட்டு, தன் பட்டு வேஷ்டியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, "இனிமே இந்த ஆத்துல பட்டு கெடையாது" என்று சொல்லிவிட்டார்.

நான் அப்போதுதான் கல்யாணமாகி, நாலு பட்டுப்புடவையோடு பாலக்காட்டிலிருந்து வந்து இறங்கியிருந்தேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம்; இங்கே அது மூன்று மாடிக்கும் தெரிந்தது. "கால்ல மாட்டுத்தோல் செருப்பு, மனசுல பூச்சிக்காக அழுகை" என்று சமையலறையில் பாத்திரத்தோடு பாத்திரமாக முணுமுணுத்தேன். அவருக்குக் காது கேட்கும் என்று யார் கண்டது? மறுநாள் பஞ்சகச்சம், அல்பாக்கா கோட்டு, தலையில் தொப்பி, காலில் வெள்ளைக் கான்வாஸ் பூட்ஸ் என்ற கோலத்தில் ஆபீசுக்குக் கிளம்பினார். அதற்கப்புறம் கடைசி வரைக்கும் அதே பூட்ஸ்தான். ஸ்டேஷன் வரைக்கும் பையன்கள் பின்னாலேயே போனார்களாம்.

என் மாமியார் இதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. வீட்டிலிருந்த பட்டையெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு எதிர்வீட்டு மாமியிடம் ஒப்படைத்துவிட்டார். கல்யாணம் கார்த்திகை என்றால் நாங்கள் இரண்டு பேரும் நூல் புடவையில் வீட்டைவிட்டுக் கிளம்புவோம், எதிர்வீட்டில் நுழைந்து பட்டோடு வெளியே வருவோம், திரும்பும்போது மறுபடியும் நூல். அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் எந்தக் கல்யாணக் கூடத்திலும் எங்களைக் கண்டால் மட்டும் அவர் சட்டென்று மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இப்படியே ஓடியிருக்கும், என் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாகாமல் இருந்திருந்தால்.

யுத்தம் முடிந்த வருஷம் அது. பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, குடும்பம் தாதரில். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது. காபியெல்லாம் ஆனபிறகு, கூறைப்புடவையை என் மாமனாரே நூலில் நெய்யச் சொல்லித் தந்துவிடுவதாகவும், தட்டில் வைத்துக் கொடுப்பதை மட்டும் பிள்ளை வீட்டார் செய்தால் போதும் என்றும் மெல்ல எடுத்தார். சம்பந்தி மாமி காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"பட்டில்லாத கூறை எங்காத்துல வழக்கமே கெடையாது" என்றார்.

"பட்டைக் கட்டிண்டு வந்தா என் பொண்ணை என்னால மடியில ஒக்கார வெச்சுக்க முடியாது. அப்போ எங்கண்ணா ஒக்காந்து பண்ணட்டும்" என்றார் மாமனார்.

தாலி கட்டுகிற நேரத்தில் பெண், கூறைப்புடவையோடு அப்பாவின் மடியில்தான் உட்காரவேண்டும். இருபது வருஷமாக ஒரே பெண்ணைத் தோளிலும் முதுகிலும் தூக்கி வளர்த்தவர், அந்த ஒரு நாழியை அண்ணாவுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லும்போது குரல் எப்படி இருக்கும்? அழுதுகொண்டே சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சமையலறையில் நாத்தனார் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் அழுதுகொண்டிருந்தாள். "அப்பா மடியில இல்லேன்னா நேக்குக் கல்யாணமே வேண்டாம், மன்னி."

அவளுக்கு நல்ல பூசினாற்போல உடம்பு. மாமனாரோ ஒட்டடைக் குச்சி. "நீ ஒக்காந்தா அப்பா மடி தாங்குமாடி? அதுக்குத்தான் பெரியப்பாவைச் சொல்றார்" என்றேன். அழுகிறவள் சிரித்துவிட்டு மறுபடியும் அழுதாள்.

இரண்டு நாள் கழித்து அவளே கையில் எதையோ மூடிக்கொண்டு மாடிக்கு ஓடிவந்தாள். எங்கள் கட்டடத்துக்கு முன்னால் ஒரு பாதாம் மரம் உண்டு. அதன் கீழே கிடந்ததாம். கோழிமுட்டை அளவு, மரக்கட்டை மாதிரி கெட்டி, மண் நிறம், தொங்குவதற்கு ஒரு காம்பு, காம்புப் பக்கத்தில் ஒரு ஓட்டை. எச்சில் தொட்டு நகத்தால் நிமிண்டினாள். இழை வந்தது. இழுக்க இழுக்க வந்தது.

"காட்டுப்பட்டு, மன்னி! யாரும் வளக்கறதில்லே, தானா மரத்துல இருக்கு. பூச்சி ஓட்டை போட்டுண்டு வெளில போயாச்சு. இது காலி வீடு!"

அந்த நாள் பம்பாயில் பகடி என்கிற முன்பணம் கொடுக்காமல் காலி வீடு கிடைத்தது எனக்குத் தெரிந்து அதுதான் ஒரே தடவை.

மாமனார் அதை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார், தேங்காய் வாங்குகிற மாதிரி. பிறகு சட்டம் போட்டார்: "காலிக் கூடு மட்டும். ஓட்டை பூச்சியே போட்ட ஓட்டையா இருக்கணும். ஒரு உயிர் உள்ளே இருந்தாலும் அதைத் தொடப்படாது."

அன்று சாயங்காலமே தாதருக்குப் போய்விட்டு வந்தார். ஒன்பது கெஜமும் பட்டாக நெய்ய இந்தப் பம்பாய் முழுக்கத் தேடினாலும் கூடு கிடைக்காது. உடல் நூலாகவும் இரண்டு பக்கக் கரை மட்டும் பட்டாகவும் இருக்கலாமா? சம்பந்தி மாமி யோசித்துவிட்டு, "கரை இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் பட்டா இருக்கணும். நானே தடவிப் பாப்பேன்" என்றாராம். கார்த்திகையில் முகூர்த்தம். அப்போது ஆவணி.

அந்த மூன்று மாதம் நாங்கள் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது. மாட்டுங்காவில் பாதாம் மரங்கள், வடாலாவில் நாவல் மரங்கள், குர்லாவில் வண்டி மாறி செம்பூருக்குப் போனால் அங்கே காடாகக் கிடந்த இலந்தைப் புதர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நானும் நாத்தனாரும் ஆளுக்கொரு பை. இலந்தை முள் என்னை என்ன பாடு படுத்தியது என்பதை எழுதினால் பக்கம் போதாது. ஒவ்வொரு கூட்டையும் காதில் வைத்து ஆட்டுவோம். உள்ளே 'டொக் டொக்' என்றால் குடியிருக்கிறார்கள், அப்படியே மரத்தில் விட்டுவிட வேண்டும். சத்தமில்லை, ஓட்டை உண்டு என்றால் பைக்குள். ரயிலில் ஒரு மராட்டிக்கார அம்மாள், இரண்டு பெண்கள் எதையோ காதில் வைத்துக் கேட்டுக்கேட்டுச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார்.

மாமனார் பொறுக்க வரமாட்டார். அவர் காவல். பாதாம் மரத்தில் கட்டைவிரல் பருமனில் பச்சைப் பச்சையாகப் புழுக்கள் இலை தின்றுகொண்டிருந்தன. கட்டடத்துப் பையன்கள் அதைக் கல்லால் அடிப்பார்கள். அவர் பெப்பர்மின்ட் வாங்கி வைத்துக்கொண்டு, அடிக்காத பையனுக்கு ஒன்று என்று கொடுத்தார். பயல்கள் என்ன சாமர்த்தியம் பாருங்கள், கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் கீழே போட்டுவிட்டு பெப்பர்மின்ட் வாங்கிக்கொண்டார்கள். கிளை வெட்டுகிற ஆள் அரிவாளோடு வந்தபோது, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றுவிட்டார். "தீவாளி கே பாத் ஆவ், பாபா, அபி அந்தர் ஆத்மி ஹை" என்று, தீபாவளிக்கு அப்புறம் வா, இப்போது உள்ளே ஆள் இருக்கிறது என்கிற அர்த்தத்தில் அவர் பேசிய ஹிந்தியைக் கேட்டு, மரத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று அந்த ஆள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான்.

கூட்டை அப்படியே நூற்க முடியாது. சலவைச் சோடா போட்டு வேகவைத்துப் பசையை எடுக்கவேண்டும். "பூச்சியோட ஆத்தை என் அடுப்புல ஏத்தினா நான் காசிக்குப் போயிடுவேன்" என்று மாமியார் சொல்லிவிட்டதால் பால்கனியில் கரி அடுப்பு வைத்தோம். நாற்றமா அது! இரண்டாம் மாடிக்காரர் மேலே வந்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். வெந்ததை அலசிக் காயவைத்துப் பிய்த்தால் பஞ்சு மாதிரி வரும். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் தக்ளி சுற்றியவள். அவள் நூற்றது முடி மாதிரி மெல்லிசாக, தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. நான் நூற்றது கயிறு. "மன்னி, நீ ஆஞ்சுகுடு, போதும்" என்றாள்.

நெய்யக் கிடைத்தவர் தாராவியில் ஒரு மேலப்பாளையத்துக்காரர். ஊரில் பரம்பரையாகத் தறி. இங்கே வந்து தோல் கிடங்கில் வேலை செய்தாலும், வீட்டுக்குள் குழி தோண்டி ஒரு தறியைப் போட்டு வைத்திருந்தார். நூல் கழியைக் கையில் வாங்கி இழை இழையாகத் தடவிப் பார்த்தார்.

"எங்க வாப்பா காலத்துலகூட இப்படி ஒரு இழையைக் கையில தொட்டதில்லம்மா. நல்லா நெய்யுதேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. கணக்குப் பாத்தா ஒரு மொழம் கொறையுது. இன்னும் பத்துப் பன்னெண்டு கூடு இருந்தாத் தேறிரும். வார திங்கக்கெழமைக்குள்ள கொண்டாந்துருங்க. அதுக்கு மேல என்னால தறிய நிறுத்தி வைக்க ஏலாது."

பத்துப் பன்னிரண்டு கூடுதானே என்று நினைத்தேன். நாத்தனாரை மஞ்சளும் நலங்கும் வீட்டோடு கட்டிப்போட்டிருந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் மட்டும் செம்பூருக்குப் போனேன். வெயிலில் சுற்றினேன், சுற்றினேன், ஒரு காலிக் கூடு கிடையாது. எல்லாவற்றையும் ஏற்கெனவே நாங்களே பொறுக்கி முடித்திருந்தோம். கடைசியில் ஒரு புதர் நிறையக் கூடு. ஆசையாக ஓடிப்போய் ஆட்டினேன். டொக். அடுத்தது. டொக். பதினொன்றும் டொக்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கேவலம் பதினோரு பூச்சி! அங்கே ஒரு மனுஷர் பெண்ணை மடியில் வைத்துக்கொள்ள முடியாமல் போகப்போகிறது, இதுகள் இங்கே சொகுசாகத் தூங்குகின்றன. சுற்றுமுற்றும் பார்த்தேன். பதினொன்றையும் முறித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். திரும்புகிற ரயிலில் பை மடியிலே கனத்தது. அப்போது அது எனக்குப் புத்திக்கு எட்டவில்லை.

மறுநாள் மாமனார் ஆபீசுக்குப் போனதும் வேகவைத்துவிடலாம் என்று திட்டம். அதுவரை அவர் கை படாத இடம் சமையலறைதான் என்று, அடுப்புக்கு மேலே ஆணியில் பையை மாட்டினேன். நான் செய்த அசட்டுத்தனம் அதுதான். அடுப்புச் சூடு என்ன செய்யும் என்று தோசைக்கு மாவு பொங்க வைக்கிறவளுக்குத் தெரியாதா?

விடிந்ததும் மாமியார் போட்ட கூச்சலில் வீடே எழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பையின் மேல் கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு பெரிய பூச்சி, இறக்கையில் நாலு கண்ணோடு சாவதானமாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தேடிக்கொண்டு மாட்டுங்கா முழுக்க இருந்த மாப்பிள்ளைகளெல்லாம் வந்துவிட்டார்கள். செங்கல் நிறத்தில் ஜன்னல் கம்பியில் மூன்று, சுவரில் இரண்டு, பருப்பு டப்பாவின் மேல் ஒன்று, கொடியில் யார் கையும் படாமல் குச்சியால் உலர்த்தியிருந்த மாமனாரின் மடி வேஷ்டியில் ஒன்று.

"மடித்துணி போச்சே! எங்கேயோ கிடந்து வந்ததெல்லாம் மேலே ஒக்காந்துடுத்தே!" என்று மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மாமனார் வாசற்படியில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பட்டு எப்பவும் மடின்னு நீதானே சொல்வே? பட்டைப் பண்ணினவனுக்கு மட்டும் மடி கெடையாதா?" என்றார்.

அப்புறம் அவர் கண் பைக்குப் போனது. எட்டி எடுத்தார். பூச்சி உட்கார்ந்த பக்கம் அசையாமல் மெதுவாகப் பிடித்துக்கொண்டு உள்ளே கையை விட்டார். ஒரு கூட்டை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். அடுத்தது. அடுத்தது.

"ஏம்மா, இதெல்லாம் எங்கே பொறுக்கினே?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் பொய் வராது. "பொறுக்கல்லே, பறிச்சேன். இன்னிக்கு நீங்க போனப்பறம் வேக வெக்கறதா இருந்தேன். ஒரு மொழம் கொறையறது. உங்க விரதத்துக்காக அவ எத்தனை நாள் அழணும்? நீங்க மட்டும் எத்தனை நாளைக்கு ஃபேனைப் பாத்துண்டு இருக்கப்போறேள்?" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டு நானே அழுதேன். வெட்கமாக இருந்தது. உள்ளே தூங்கியவர்களை நினைத்தும் வெட்கம், இவர் முகத்தைப் பார்த்தும் வெட்கம்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? அவ பொறந்த அன்னியிலேர்ந்து அந்த ஆசைதான். ஆனா இதுகளைக் கொன்னு போட்ட கரையைக் கட்டிண்டு அவ ஒக்காந்தா, எனக்குக் கனம் தாங்காது."

அதற்குள் நாத்தனார் எழுந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். பையிலிருந்த மீதிப் பத்தையும் எடுத்து, காம்பில் நூல் கட்டி, அடுப்புச் சூடு படாத முன்னறை ஜன்னலில் வரிசையாகத் தொங்கவிட்டாள். "இதெல்லாம் இனிமே ஆனி மழைக்குத்தான் முழிச்சுக்கும், மன்னி. அதுவரைக்கும் யாரும் எழுப்பப்படாது" என்றாள். "ஒரு மொழம் நூலாவே இருக்கட்டும். மாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

திங்கட்கிழமை தாராவிக்குப் போய், குறைகிற இடத்தில் பருத்தி இழையையே பிணைத்து நெய்துவிடச் சொன்னேன். பட்டு மாதிரி மினுக்குகிற நூல் ஒன்று தன்னிடம் இருக்கிறது, போட்டால் யாருக்கும் தெரியாது என்று ஆசை காட்டினார் நெசவாளர். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் சரி என்று வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முகூர்த்தத்தன்று காலை, மாட்டுங்காவில் கல்யாணக் கூடம். சம்பந்தி மாமி கூறைப்புடவையைத் தட்டிலிருந்து எடுத்தார். அரக்கு நிற உடல், தேன் நிறக் கரை. சொன்ன சொல் தவறாமல் ஒரு முனையில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனார். ஒன்பது கெஜமும் அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசி முழத்தில் விரல் நின்றது. பெரியப்பா ஜரிகை அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றார். பதில் சொல்லிக்கொள்கிறேன் என்ற நாத்தனார் ஓரடி முன்னால் வந்தாள்.

"இங்கே பட்டைக் காணோமே?" என்றார் மாமி.

மாமனார் கைகூப்பினார். "அந்த மொழத்துக்கு உண்டான பட்டு எங்காத்து ஜன்னல்ல தூங்கிண்டிருக்கு, மாமி. எழுப்ப மனசு வரல்லே."

மாமி அவரைப் பார்த்தார். அவருடைய கான்வாஸ் பூட்ஸ் வாசலில் தனியாகக் கிடந்ததையும் பார்த்தார்.

"எத்தனை பேர் தூங்கறா?"

"பத்துப் பேர்."

"அப்போ நாயனக்காரரைக் கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, மாமி புடவையை என் கையில் கொடுத்தார். "அழைச்சுண்டு போய்க் கட்டிவிடு. நேரமாறது."

கட்டிவிட்டேன். அந்தப் பருத்தி முழத்தை உள்ளே செருகி மறைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். நாத்தனார் அதை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டாள். மேடையில் நெல் மூட்டையின் மேல் மாமனார் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அவள் மெல்ல உட்கார்ந்தாள். குச்சி குச்சியான அந்தக் கை இரண்டும் அவளைச் சுற்றி வந்து, நூல் கரையின் மேல் நின்றது. அவருக்குக் கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டினார்கள்; மெதுவாகக் கொட்ட அது என்ன விளையாட்டா? அந்தச் சத்தத்திலும் என்னைத் தேடிப் பார்த்து, அவள் தோளுக்கு மேலாக எட்டி எனக்கு மட்டும் சொன்னார்.

"கனமே இல்லேம்மா."